டார்வின் இருபது ஆண்டுகள் பயந்து ஒளிந்தாரா? கடிதங்கள் சொல்வது

முதலில் உங்கள் கேள்வியை என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. "கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது" என்று டார்வின் ஒரு நண்பருக்கு எழுதிய வரியை எங்கோ படித்திருக்கிறீர்கள். அதை வைத்து, தேவாலயத்துக்குப் பயந்துதான் அவர், உயிரினங்கள் காலப்போக்கில் மாறி வந்தவை என்ற தன் கொள்கையை இருபது ஆண்டுகள் பூட்டி வைத்தாரா என்று கேட்கிறீர்கள். அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவந்ததும் மதத்தார் ஒரு பக்கமும் அறிவியலார் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்றார்களா என்பது இரண்டாவது. அவர் நாத்திகர்தானே என்பது மூன்றாவது. நான் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். பரிணாமப் பாடத்துக்காக டார்வின் கடிதங்களைப் புரட்ட ஆரம்பித்து, அப்புறம் விட முடியாமல் போனது. இறையியலும் விக்டோரியா கால அரசியலும் என் துறை இல்லை, அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் நிதானமாகவே போகிறேன். என் பதில் இதுதான்: பயம் இருந்தது. ஆனால் கடிதங்களைத் தொடர்ச்சியாகப் படித்தால், பாதிரியார்களைவிடச் சக இயற்கையியலாளர்களுக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று தெரிகிறது.

அந்தக் கடிதம் 1844 ஜனவரி 11 அன்று எழுதப்பட்டது. பெற்றவர் ஜோசப் ஹூக்கர், தாவரவியலாளர், அப்போது இருபத்தாறு வயது. அன்டார்க்டிக் பயணம் முடித்துத் திரும்பியிருந்தார், இருவருக்கும் கடிதப் பழக்கம் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கடிதத்தின் பெரும்பகுதி தீவுகளின் செடிகொடிகளைப் பற்றியது. நடுவில், தான் தொடங்கிய கருத்துக்கு நேர்மாறாக, உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று ஏறக்குறைய நம்பிவிட்டதாகச் சொல்கிறார். அந்த வாக்கியத்துக்குள் அடைப்புக்குறி போட்டுத்தான் கொலை வருகிறது. தன்னையே கொஞ்சம் கேலி செய்துகொண்டு புது நண்பரின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் தொனி அது. எல்லோரும் மேற்கோள் காட்டும் இந்த வரிக்கு ஹூக்கர் அந்த மாதக் கடைசியில் எழுதிய பதிலை யாரும் காட்டுவதில்லை. அதிர்ச்சியும் இல்லை, கண்டனமும் இல்லை. இப்போது சொல்லப்படும் விளக்கங்கள் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை, மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன் என்ற ரீதியில் எழுதினார். அங்கே தொடங்கிய நட்பு டார்வின் இறக்கும்வரை நீடித்தது.

"பூட்டி வைத்தார்" என்பதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். உயிரின மாற்றம் பற்றிய குறிப்பேட்டை அவர் 1837இல் தொடங்கினார். 1842இல் பென்சிலில் ஒரு சுருக்கம், 1844இல் அதை விரித்து ஏறத்தாழ 230 பக்கக் கட்டுரை. அந்த ஜூலை 5ஆம் தேதி மனைவி எம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார்: நான் திடீரென்று இறந்துவிட்டால் 400 பவுன் ஒதுக்கி, தகுந்த ஒருவரிடம் கொடுத்து இதை வெளியிடு. எம்மா ஆழ்ந்த மத நம்பிக்கை உடையவர் என்பதை நினைவில் வையுங்கள். ஒளிக்க நினைக்கிறவர் தன் ரகசியத்தை நம்பிக்கையுள்ள மனைவி கையில் உயிலைப் போல ஒப்படைப்பாரா? அடுத்தடுத்த ஆண்டுகளில் ஹூக்கர், நிலவியலாளர் லயல், அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே என்று ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்துகொண்டார்கள். அவர் செய்யாதது ஒன்றே ஒன்று, அச்சுக்குக் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதில்தான் நிச்சயமும் ஊகமும் கலந்துவிடுகின்றன. நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். 1844 அக்டோபரில் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு நூல் வந்தது. வான்பொருள்கள் முதல் மனிதன் வரை எல்லாம் படிப்படியாக உருவானவை என்று சொன்ன நூல் அது. எடின்பரோ பதிப்பாளர் ராபர்ட் சேம்பர்ஸ் எழுதியது என்பது 1884இல்தான் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. மக்கள் அதை விழுந்து விழுந்து வாங்கினார்கள். அறிவியலார்தான் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதிலும் கடுமையாக எழுதியவர் ஆடம் செட்ஜ்விக், கேம்பிரிட்ஜ் நிலவியல் பேராசிரியர், டார்வினுக்கே பாறை படிக்கக் கற்றுக் கொடுத்தவர். அந்த நூலின் நிலவியலும் விலங்கியலும் பிழை மலிந்தவை என்று டார்வினும் நினைத்தார். அடுத்த ஆண்டு வேறொருவரின் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது ஹூக்கர், நிறைய உயிரினங்களை நுணுக்கமாக விவரித்துப் பழகாதவனுக்கு இந்தக் கேள்வியைத் தொடவே உரிமை இல்லை என்கிறார். எவ்வளவு வலிக்கும் உண்மை, என்று டார்வின் 1845 செப்டம்பரில் பதில் எழுதுகிறார். மறு ஆண்டே கொட்டலசு ஆராய்ச்சியில் இறங்கினார். படகடியில் ஒட்டிக்கொண்டு மீனவரைப் பாடுபடுத்தும் அந்த ஓட்டுயிரோடு எட்டு ஆண்டுகள் உட்கார்ந்து, நான்கு தொகுதிகள் எழுதி முடித்தார்.

இனி சந்தேகத்துக்குரியது. தேவாலயப் பயம்தான் காரணம் என்ற கதை இருபதாம் நூற்றாண்டில் வலுவாகப் பரவியது. வரலாற்றாசிரியர் ஜான் வான் வை 2007இல் அதை நேரடியாக மறுத்தார். கையில் இருந்த வேலைகளை முடித்துவிட்டு வரிசைப்படி இதற்கு வந்தார், தாமதம் என்று சொல்வதே தவறு என்பது அவர் வாதம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வேலை குவிந்திருந்தது உண்மை, ஆனால் 1844இல் எழுதி முடித்த ஒன்றை ஒருவர் பல ஆண்டுகள் தள்ளிப்போட, வேலைப்பளு மட்டும் காரணமாக இருக்கும் என்று தோன்றவில்லை. சேம்பர்ஸுக்கு நடந்தது தனக்கும் நடக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, எம்மா மனம் நோகும் என்ற தயக்கம், ஓயாத வயிற்று நோய், இவை எல்லாமே கடிதங்களில் தலை காட்டுகின்றன. எது எத்தனை பங்கு என்று அளந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

அந்த இடைப்பட்ட காலத்தில் கடிதம் அவருக்கு ஆய்வுக்கூடமாகவே இருந்தது. டவுன் கிராமத்து வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத மனிதர், புறா வளர்ப்பவர், தோட்டக்காரர், தூதர், கப்பல் மருத்துவர் என்று உலகம் முழுக்க எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த வால்டர் எலியட்டுக்கு 1856 ஜனவரியில் எழுதி, வளர்ப்புப் புறா, கோழி இனங்களின் தோல்களை அனுப்பச் சொல்லிக் கேட்டார். எலியட் அனுப்பினார். 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் புறாக்களைப் பற்றிய பகுதியில் அவருக்கு நன்றி இருக்கிறது. கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துக்கொண்டிருந்த எட்வர்ட் பிளித் இன்னும் முக்கியமானவர். 1855 டிசம்பரில், வாலஸ் (மலாய்த் தீவுகளில் உயிரினங்களைச் சேகரித்துக்கொண்டிருந்த இயற்கையியலாளர்) எழுதிய கட்டுரையைப் படித்தீர்களா, மொத்தத்தில் நன்றாக இருக்கிறது என்று டார்வினைக் கிள்ளிவிட்டவர் அவர். டார்வின் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1858 ஜூனில் அதே வாலஸ், தானாகவே டார்வினின் கொள்கையை எட்டி, டெர்னாட்டே தீவிலிருந்து அனுப்பிய கட்டுரை கைக்கு வந்தபோது, என் 1842 கையெழுத்துப் படியை வைத்துக்கொண்டு எழுதியிருந்தாலும் இதைவிட நல்ல சுருக்கம் எழுதியிருக்க முடியாது என்று லயலுக்கு எழுத வேண்டி வந்தது. அந்த மாதக் கடைசியில் அவருடைய கைக்குழந்தை செங்காய்ச்சலில் இறந்தது. ஜூலை 1 அன்று லண்டனில் இயற்கையியலாளர்களின் லின்னேயஸ் கழகத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்து வாசித்தபோது டார்வின் அங்கே இல்லை. எதிர்ப்பு எதுவும் எழவில்லை. அந்த ஆண்டு குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பு எதுவும் இல்லாமல் கழிந்தது என்று கழகத் தலைவர் தாமஸ் பெல் பிற்பாடு சொன்னது இன்றைக்கும் சிரிப்பு வரவழைக்கும்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நூல் 1859 நவம்பர் 24 அன்று ஜான் மரே பதிப்பகத்திலிருந்து வந்தது. விலை 15 ஷில்லிங், அச்சிட்டது 1250 படிகள், புத்தகக் கடைக்காரர்களே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார்கள். டார்வின் அப்போது யார்க்‌ஷரில் இல்க்லி என்ற ஊரில் தண்ணீர் வைத்தியத்தில் இருந்தார். அங்கிருந்தபடியே, இலவசப் படி போகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினார். இந்த நவம்பர் கடிதங்களை வரிசையாகப் படித்தால் அவர் யாருக்குப் பயந்தார் என்று தெளிவாகிவிடும். தொல்லுயிரியலாளர் ஃபால்கனருக்கு: படித்தால் எவ்வளவு சீறுவீர்கள், என்னை உயிரோடு சிலுவையில் அறையத் துடிப்பீர்கள். தன் ஆசான் ஹென்ஸ்லோவுக்கு: உங்கள் மாணவனை இந்த விஷயத்தில் நீங்கள் ஏற்க மாட்டீர்கள் என்று அஞ்சுகிறேன். எல்லாம் இயற்கையியலாளர்களுக்கு, எல்லாம் முன்கூட்டியே பணிந்து அடியைத் தணிக்கும் முயற்சி.

பதில்களில் இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சார்லஸ் கிங்ஸ்லி ஆங்கிலிக்கன் பாதிரியார், நாவலாசிரியர். நூல் வெளிவருவதற்கு ஆறு நாள் முன்னமே எழுதிவிட்டார்: தானாக வளரக்கூடிய சில மூல வடிவங்களைக் கடவுள் படைத்தார் என்பது, அவ்வப்போது இடைவெளியை நிரப்பப் புதிதாகப் படைத்துக்கொண்டே இருந்தார் என்பதற்குச் சற்றும் குறையாத உயர்ந்த கருத்துதான். செட்ஜ்விக்கின் பதில் வெளியீட்டு நாளிலேயே எழுதப்பட்டது. உங்கள் நூலை மகிழ்ச்சியைவிட வலியோடுதான் படித்தேன், சில பகுதிகளில் விலா நோகச் சிரித்தேன் என்றார். செட்ஜ்விக்கும் பாதிரியார்தான். ஆனால் அவருடைய முதல் குற்றச்சாட்டு வேத விரோதம் என்பதல்ல, உண்மையான ஆய்வு முறையைக் கைவிட்டுவிட்டீர்கள் என்பது. அறநெறி பற்றிய கவலை அதற்கு அடுத்தபடியாக, இன்னும் சூடாக வருகிறது. இந்த ஒரு மனிதருக்குள்ளேயே மதத்தையும் அறிவியலையும் பிரிக்க முடியவில்லை என்றால், மொத்த இங்கிலாந்தை இரண்டு அணியாகப் பிரிப்பது எப்படி?

பட்டியல் போட்டால் இன்னும் குழம்பும். இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் இனங்கள் மாறுகின்றன) என்ற டார்வினின் கருத்தை அச்சில் முதன்முதலாகத் தன் ஆய்வில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ட்ரிஸ்ட்ரம் என்ற பாதிரியார். சகாராவின் வானம்பாடிகளின் நிறத்தை விளக்க, டார்வின் நூல் வருவதற்கு முந்தைய மாதமே பறவையியல் இதழில் அதை எழுதினார். எதிர்ப்பக்கம் பாருங்கள். வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இதைத் தாறுமாறு விதி என்று சொன்னதாகக் காதில் விழுந்தபோது டார்வின் உண்மையாகவே நொந்துபோனார். இங்கிலாந்தின் முதன்மை உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1860 ஏப்ரலில் பெயரில்லாமல் எழுதிய விமரிசனத்தை, மிகவும் வன்மம் நிறைந்தது, கெட்டிக்காரத்தனமானது என்று லயலிடம் குமுறினார். பிஷப் வில்பர்ஃபோர்ஸின் விமரிசனம் சில மாதம் கழித்து வந்தபோதோ தொனியே வேறு. அசாதாரணமான கெட்டிக்காரத்தனம், ஊகம் மிகுந்த பகுதிகளாகப் பார்த்துத் திறமையாகப் பொறுக்கியிருக்கிறார், சிக்கல்களை எல்லாம் நன்றாக எடுத்து வைத்திருக்கிறார் என்று ஹூக்கருக்கு எழுதினார். பிஷப்பை ரசிக்க முடிந்தது, ஓவனை மன்னிக்க முடியவில்லை.

வில்பர்ஃபோர்ஸ் என்றதும், டார்வின் கொள்கை பற்றி நடந்த ஆக்ஸ்ஃபோர்டு விவாதத்தைக் கேட்பீர்கள். 1860 ஜூன் 30 அன்று நடந்தது என்பது உறுதி. ஹென்ஸ்லோ தலைமை தாங்கினார் (அவரும் பாதிரியார்தான்), கூட்டம் நிரம்பி வழிந்தது, வில்பர்ஃபோர்ஸும், டார்வின் தரப்பு விலங்கியலாளர் ஹக்ஸ்லியும், ஹூக்கரும் பேசினார்கள், டார்வின் உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலின் பழைய கேப்டன் ஃபிட்ஸ்ராய் எழுந்து இந்த நூல் வெளிவந்ததற்காக வருந்தினார். நீங்கள் குரங்கிலிருந்து வந்தது பாட்டன் வழியா, பாட்டி வழியா என்று பிஷப் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்விக்கு ஹக்ஸ்லி கொடுத்த பதில் மட்டும் சொல்லுக்குச் சொல் யாரிடமும் இல்லை. சுருக்கெழுத்துப் பதிவு எடுக்கப்படவில்லை. பலரும் மேற்கோள் காட்டும் நாடகபாணி வடிவம் 1898இல், முப்பத்தெட்டு ஆண்டு கழித்து, ஒரு பெண்மணியின் நினைவுக் கட்டுரையாக வந்தது. ஹக்ஸ்லியே 1860 செப்டம்பரில் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, அதில் பதில் நீளமாக, கொஞ்சம் பேச்சாளர் தோரணையில் இருக்கிறது: பெரிய திறமையும் செல்வாக்கும் இருந்தும் தீவிரமான அறிவியல் விவாதத்தில் கேலியைப் புகுத்தும் மனிதனைவிடக் குரங்கையே பாட்டனாக விரும்புவேன். விவாதம் முடிந்த இரண்டாம் நாள் ஹூக்கர் டார்வினுக்கு எழுதியதில் கதை வேறு மாதிரி. ஹக்ஸ்லியின் குரல் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு எட்டவில்லை, லேடி ப்ரூஸ்டர் மயங்கி விழுந்தார், எனக்கு ரத்தம் கொதித்தது, நான் எழுந்து பிஷப்பை நொறுக்கினேன் என்கிறார். வில்பர்ஃபோர்ஸ் தரப்பும் தாங்கள்தான் வென்றதாக நினைத்தது. ஆளாளுக்கு வென்ற கூட்டம் அது. டார்வின் அன்றும் இல்லை, ரிச்மண்ட் அருகே இன்னொரு தண்ணீர் வைத்தியசாலையில் இருந்தார்.

தேவாலயத்துக்குள் அந்த ஆண்டு உண்மையான பூகம்பம் வேறொரு நூலால் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1860 மார்ச்சில் ஏழு ஆங்கிலிக்கன் கட்டுரையாளர்கள் சேர்ந்து பைபிளை மற்ற பழைய நூல்களைப் போலவே ஆராய வேண்டும் என்று வெளியிட்ட தொகுப்பு அது. ஏழில் ஆறு பேர் குருமார்கள். இருவர் மேல் திருச்சபை வழக்கு நடந்து, 1864இல் மேல்முறையீட்டில்தான் தப்பினார்கள். அதில் எழுதிய பேடன் பவல் என்ற குரு, டார்வினின் நூலைப் பெயர் சொல்லியே பாராட்டியிருக்கிறார். பிஷப்புகளின் கோபத்தில் பெரிய பங்கு அங்கே போனதால் டார்வின் மேல் விழுந்தது குறைந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இது என் அனுமானம்.

டார்வின் பொதுக்கருத்துக்கு வளைந்தே கொடுக்கவில்லையா என்றால், கொடுத்தார். 1860 ஜனவரியில் வந்த இரண்டாம் பதிப்பில் கிங்ஸ்லியின் வரிகளைப் பெயர் சொல்லாமல் சேர்த்தார், கடைசி வாக்கியத்தில் உயிர் 'படைத்தவனால்' ஊதப்பட்டது என்று ஒரு சொல்லை நுழைத்தார். 1863 மார்ச்சில் ஹூக்கருக்கு எழுதும்போது, பொதுக்கருத்துக்கு மண்டியிட்டுப் படைப்பு என்ற பைபிள் சொல்லைப் பயன்படுத்தியதற்காக நெடுநாளாக வருந்துகிறேன், முற்றிலும் அறியப்படாத ஏதோ ஒரு வழியில் 'தோன்றியது' என்பதைத்தான் அப்படிச் சொன்னேன் என்கிறார். 'கொலை' வரியைவிட இந்தக் கடிதம்தான் உங்கள் கேள்விக்கு நெருக்கமான சாட்சி. ஏனோ இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அவர் எழுதியதும் பெற்றதுமாக ஏறத்தாழ 15,000 கடிதங்கள் இன்று தெரியவந்திருக்கின்றன. கேம்பிரிட்ஜில் 1974இல் தொடங்கிய திட்டம் அவற்றை 30 தொகுதிகளாக அச்சிட்டிருக்கிறது, இணையத்தில் இலவசமாகவும் படிக்கலாம். ஆனால் 1862க்கு முன் அவருக்கு வந்தவற்றில் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார், கம்பி தீர்ந்ததும் பல ஆண்டுக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிடுவார் என்று மகன் ஃபிரான்சிஸ் எழுதியிருக்கிறார். நமக்கு அதிகம் தேவைப்படும் 1859, 1860இல் மற்றவர்கள் சொன்னதைப் பல இடங்களில் டார்வினின் பதிலிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, கடிதம் எழுதியவர்கள் பெரும்பாலும் படித்த, வசதியான கூட்டம். ஆலைத் தொழிலாளி என்ன நினைத்தார் என்பதை இவற்றில் தேடாதீர்கள். தெருவில் இருந்த மனநிலைக்குக் கேலிச்சித்திரங்கள் ஓரளவு உதவும். மனிதனைப் பற்றிய நூல் வந்த 1871இல் ஒரு பத்திரிகை டார்வினின் தாடித் தலையைக் குரங்குடலில் ஒட்டி வரைந்தது. கேலிதான், ஆனால் கலவரம் எதுவும் இல்லை. அதற்குள் படித்தவர்களில் பெரும்பாலோர் உயிரினங்கள் மாறி வந்தவை என்பதை ஏற்றுவிட்டிருந்தார்கள். அந்த மாற்றத்துக்கு இயற்கைத் தேர்வே முதன்மைக் காரணம் என்பதை மட்டும் அறிவியலாரிலேயே பலர் ஏற்கவில்லை. அது நிலைபெற, மெண்டலின் மரபியலோடு இணைந்து, 1930, 40கள் வரை ஆனது.

கடைசியாக, நாத்திகரா என்பது. 1860 மே மாதம் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடலுக்குள் இருந்து தின்பதற்கென்றே கருணையும் சர்வ வல்லமையும் உள்ள கடவுள் ஒரு குளவியைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அதே கடிதத்தில், இந்த அற்புதமான பிரபஞ்சம் வெறும் குருட்டு விசையின் விளைவு என்றும் திருப்திப்பட முடியவில்லை, நியூட்டனின் மனதைப் பற்றி நாய் யோசிப்பது போலத்தான் இது என்றும் எழுதுகிறார். 1879 மே மாதம் ஃபோர்டைஸ் என்பவருக்கு, என் மனம் ஊசலாடுகிறது, கடவுள் இல்லை என்று மறுக்கும் பொருளில் நான் ஒருபோதும் நாத்திகனாக இருந்ததில்லை, அறிய முடியாது என்பவன் என்று சொல்வதே பொதுவாகச் சரியாக இருக்கும் என்றார். தீவிர ஆத்திகர் ஒருவர் பரிணாமத்தை ஏற்கலாம் என்பதில் சந்தேகப்படுவதே அபத்தம் என்றும் அதில் சொல்கிறார், உதாரணமாகக் கிங்ஸ்லியையும் கிரேவையும் காட்டுகிறார்.

இதை ஒட்டி இரண்டு கட்டுக்கதைகள் உலவுகின்றன. மரணப் படுக்கையில் மனம் திரும்பினார் என்பது ஒன்று. லேடி ஹோப் என்பவர் பெயரில் 1915இல் வெளிவந்தது, அந்தப் பெண்மணி அப்பாவின் கடைசி நோயின்போது அங்கே இருக்கவே இல்லை என்று மகள் ஹென்ரியட்டா 1922இல் எழுதி மறுத்தார். இன்னொன்று எதிர்முகாமின் கதை, மார்க்ஸ் 'மூலதன'த்தைக் காணிக்கையாக்க அனுமதி கேட்டார், டார்வின் மறுத்தார் என்பது. மார்க்ஸ் 1873இல் ஒரு படி அனுப்பியதும் டார்வின் நன்றி எழுதியதும் உண்மை. மறுப்புக் கடிதமும் உண்மைதான், 1880 அக்டோபர் 13 தேதியிட்டது. ஆனால் அது போனது எட்வர்ட் ஏவ்லிங் என்ற நாத்திகப் பேச்சாளருக்கு, டார்வினைப் பற்றி அவர் எழுதிய நூலைக் காணிக்கையாக்கக் கேட்டபோது. ஏவ்லிங் பின்னாளில் மார்க்ஸின் மகள் எலியனோரோடு வாழ்ந்ததால் இருவர் காகிதங்களும் கலந்துபோயின, 1970களில்தான் இதைச் சரிபார்த்துப் பிரித்தார்கள். மறுப்புக்கு டார்வின் சொன்ன காரணங்களையும் அந்தக் கடிதத்திலேயே பார்க்கலாம்: கிறிஸ்தவத்தை நேரடியாகத் தாக்கும் வாதங்கள் மக்களிடம் எடுபடுவதில்லை, அறிவியல் வளர வளர மனம் மெல்லத் தெளியும், அதனால் மதத்தைப் பற்றி எழுதாமலேயே இருந்துவிட்டேன். அப்படி எழுதினால் என் குடும்பத்தில் சிலருக்கு வலிக்கும் என்பதும் என்னை அளவுக்கு மீறித் தடுத்திருக்கலாம்.